மொய் பணம் அன்பளிப்பா, கடனா? புதுக்கோட்டை முதல் சியோல் வரை... கவருக்குள் இருக்கும் கணக்கு!

கல்யாண மண்டபத்தில் மொய் மேசைக்கு முன்னால் போய் நின்றதும் என்ன நடக்கும்? உங்கள் பெயரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், கவரைப் பிரித்து எண்ணுவார்கள், நோட்டில் எழுதுவார்கள். அன்பாகக் கொடுக்கிற பணத்துக்கு எதுக்கு இத்தனை பதிவு? பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாளைக்கு உங்க வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போது அவர்கள் முதலில் புரட்டப்போவது அந்த நோட்டைத்தான்.

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. தென் கொரியா, ஜப்பான், சீனா ஆகிய மூன்று நாடுகளிலும் இதே மேசை, இதே நோட்டு, இதே கவர் உண்டு. நிறமும் தொகையும் சம்பிரதாயமும்தான் வேறு. எல்லா இடத்திலும் இப்போது எழும் கேள்வியும் ஒன்றுதான். வாங்கினதைத் திருப்பிச் செய்ய முடியாதவர்கள் என்ன செய்வது? அன்பளிப்பு எந்த இடத்தில் கடனாகிறது, எந்த இடத்தில் லஞ்சமாகிறது? விரிவாகப் பார்ப்போம்.

நாலு ஊர், ஒரே மேசை

தென் கொரியாவில் கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மேசை, பெண் வீட்டுக்கு ஒரு மேசை. வெள்ளைக் கவரில் பணத்தை வைத்து, பின்பக்கம் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். மேசையில் இருப்பவர்கள் கவருக்கு நம்பர் போட்டு, நோட்டில் எழுதி, சாப்பாட்டு டோக்கன் கொடுப்பார்கள். சாவு வீட்டிலும் இதேபோல வெள்ளைக் கவர்தான். கொரோனா காலத்துக்குப் பிறகு மொபைலில் வரும் பத்திரிகையிலேயே வங்கிக் கணக்கு எண்ணும் சேர்ந்து வருவது சாதாரணமாகிவிட்டது.

ஜப்பானில் கவரே ஒரு கலைப்பொருள் மாதிரி இருக்கும். மேலே கட்டியிருக்கும் கயிற்று முடிச்சுக்கே அர்த்தம் உண்டு. கல்யாணத்துக்கு அவிழ்க்க முடியாத முடிச்சு, ஏனென்றால் அது ஒருமுறைதான் நடக்க வேண்டும். குழந்தை பிறப்புக்கு இழுத்தால் அவிழும் முடிச்சு, ஏனென்றால் அது மறுபடியும் நடக்கலாம். கல்யாணத்துக்குப் புத்தம் புது நோட்டு வைக்க வேண்டும். சாவுக்குப் புது நோட்டு வைக்கவே கூடாது. வைத்தால், 'இந்தச் சாவை எதிர்பார்த்து முன்கூட்டியே வங்கிக்குப் போய் நோட்டு மாற்றி வைத்திருந்தாயா?' என்று அர்த்தமாகிவிடும்!

சீனாவில் கல்யாணத்துக்குச் சிவப்புக் கவர், சாவுக்கு வெள்ளைக் கவர். 2014-ல் வீசாட் செயலியில் டிஜிட்டல் சிவப்புக் கவர் வந்தது. புத்தாண்டு என்றால் இப்போது மொபைலிலேயே கவர்கள் பறக்கின்றன.

நம்ம ஊரிலும் காலம் மாறிவிட்டது. தென் மாவட்டங்களில் மொய் எழுதியதும் மைக்கில் பெயரும் தொகையும் சொல்வது பழைய வழக்கம். இப்போது லேப்டாப்பில் பதிவு செய்து கையோடு ரசீதும் கொடுக்கிறார்கள். சில விசேஷங்களில் பத்திரிகையிலேயே கியூஆர் கோடும் இருக்கிறது.

ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?

சுவாரஸ்யமே இங்கேதான். ஒரே எண், ஒரு நாட்டில் வாழ்த்து, பக்கத்து நாட்டில் அபசகுனம்.

ஜப்பானில் கல்யாணக் கவரில் இரட்டைப்படைத் தொகையைத் தவிர்ப்பார்கள். இரண்டாகப் பிரிகிற எண் தம்பதி பிரிவதைக் குறிக்கும் என்பது நம்பிக்கை. நண்பரின் கல்யாணத்துக்கு 30 ஆயிரம் யென், அதாவது ஏறக்குறைய 17 ஆயிரம் ரூபாய் வைப்பது பரவலான வழக்கம். 4, 9 இரண்டும் கூடாது. அந்த மொழியில் அவற்றின் உச்சரிப்பு சாவையும் வேதனையையும் நினைவுபடுத்தும்.

சீனாவில் கதை அப்படியே தலைகீழ். நல்ல காரியம் ஜோடியாக வர வேண்டும் என்பதால் இரட்டைப்படைதான் மங்கலம். 6, 8 என்றால் சந்தோஷம். 4 மட்டும் அங்கேயும் ஆகாது. ஒற்றைப்படைத் தொகை பெரும்பாலும் சாவு வீட்டுக்கு உரியது.

கொரியாவில் 30 ஆயிரம், 50 ஆயிரம், 70 ஆயிரம் வொன் என ஒற்றைப்படை, அதற்கு மேல் 1 லட்சம். 2009-ல் 50 ஆயிரம் வொன் நோட்டு வந்ததும் ஒரே தாளாகக் கவரில் வைப்பது வசதியாகிவிட்டது. அது ஏறக்குறைய 3 ஆயிரம் ரூபாய்.

நமக்கு? 101, 501, 1,001. ரூபாய் நாணயம் ஒட்டிய கவர்களே கடையில் கிடைக்கின்றன. பூஜ்ஜியத்தில் முடிந்தால் உறவு முடிந்த மாதிரி, அந்த ஒரு ரூபாய் இருந்தால் கணக்கு தொடரும் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். இதைக் கவனியுங்கள்: கணக்கு தொடர வேண்டும் என்பதுதான் ஆசை. தீர வேண்டும் என்பது இல்லை.

பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925-ல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். பரிசு என்பது பார்க்க இலவசம் மாதிரி தெரியும், ஆனால் அதற்குள் மூன்று கடமைகள் இருக்கின்றன: கொடுக்க வேண்டும், வாங்கிக்கொள்ள வேண்டும், திருப்பித் தர வேண்டும். மொய் நோட்டு இந்த மூன்றாவது கடமையை மறக்கவிடாமல் வைத்திருக்கும் ஒரு ஏற்பாடு.

வங்கி இல்லாத ஊரின் வங்கி

மொய்யைக் குறை சொல்வதற்கு முன் அது ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு குடும்பத்துக்குக் கல்யாணம், வீடு, சாவு என்று பெரிய செலவு திடீரென வரும். கையில் மொத்தமாகப் பணம் இருக்காது. வங்கியில் அடமானம் கேட்பார்கள், கந்துவட்டிக்காரர் கழுத்தில் கத்தி வைப்பார். அந்த நேரத்தில் நூறு வீடுகள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் செலவு சமாளிக்கப்படும். வாங்கியவர் பல வருடங்களில், ஒவ்வொரு வீட்டு விசேஷத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் செய்துவிடுவார். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. நோட்டும் ஊர் மதிப்பும்தான் ஜாமீன்.

இதன் உச்சம்தான் மொய் விருந்து. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்திலும், தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணி பக்கத்திலும் ஆடி, ஆவணி மாதங்களில் இது களைகட்டும். கல்யாணமோ காதுகுத்தோ இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மொய் வாங்குவதற்காகவே விருந்து. பந்தல், பத்திரிகை, பிளக்ஸ், ஆட்டுக்கறிச் சாப்பாடு எல்லாம் உண்டு. செலவைக் குறைக்கப் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைத்து, மொய்யை மட்டும் தனித்தனி நோட்டில் வாங்கிக்கொள்வார்கள்.

இங்கே திருப்பிச் செய்யும்போது வாங்கிய தொகையோடு கொஞ்சம் புதுத் தொகையும் சேர்த்துப் போடுவது வழக்கம். 1,000 வாங்கியிருந்தால் 1,500. பழைய 1,000 கழிந்துவிடும், புது 500 இப்போது எதிர்த்தரப்பின் கணக்கில் ஏறும். இந்தப் பணத்தில் போர்வெல் போட்டவர்கள் உண்டு, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் உண்டு, வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியவர்களும் உண்டு. கிராமத்தின் சொந்தக் கூட்டுறவு வங்கி என்றே சொல்லலாம்.

எங்கே விரிசல் விழுகிறது?

இந்த வங்கி நன்றாக ஓட மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் முறை வர வேண்டும். எல்லோருடைய வருமானமும் ஓரளவு சமமாக இருக்க வேண்டும். பணத்தின் மதிப்பு மாறாமல் இருக்க வேண்டும். மூன்றுமே இப்போது ஆட்டம் காண்கின்றன.

முதல் விரிசல், முறை வராதவர்கள். தென் கொரியாவில் 1996-ல் 4 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமான கல்யாணங்கள் நடந்தன. 2023-ல் 2 லட்சம்கூட இல்லை. சீனாவில் 2024-ல் பதிவான கல்யாணங்கள் சுமார் 61 லட்சம், முந்தைய ஆண்டைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கல்யாணம் வேண்டாம் என்று முடிவெடுத்த ஒருவர், அலுவலகத்தில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கவர் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அவருக்கு அது திரும்பி வரும் நாள் எது? இதற்காகவே கொரியாவின் எல்ஜி யூபிளஸ் நிறுவனம் 2023-ல் ஒரு திட்டம் கொண்டு வந்தது. 38 வயதைத் தாண்டி, 5 ஆண்டு வேலை பார்த்த ஊழியர், 'நான் கல்யாணம் செய்துகொள்ளப் போவதில்லை' என்று அறிவித்தால், கல்யாணம் செய்பவருக்குத் தருவது போலவே ஒரு மாத அடிப்படைச் சம்பளமும் 5 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பும் கிடைக்கும். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் இதுவும் நியாயம்தானே?

இரண்டாவது விரிசல், வருமானம். நிலம் இருப்பவருக்கும் கூலி வேலை பார்ப்பவருக்கும் நோட்டு ஒன்றுதான். ஒரே மாதத்தில் ஆறு பத்திரிகை வந்தால் கூலிக்காரர் என்ன செய்வார்? போகாமல் இருந்தால் ஊர் பேசும். குறைத்து எழுதினால் மைக்கில் தெரிந்துவிடும். அதனால் வட்டிக்கு வாங்கி மொய் செய்கிறார். வட்டியில்லாத கடனை அடைக்க வட்டிக்குக் கடன்! எந்தக் கந்துவட்டியிலிருந்து தப்பிக்க இந்த ஏற்பாடு பிறந்ததோ, அங்கேயே கொண்டுபோய் விடுகிறது.

மூன்றாவது, விலைவாசி. 2010-ல் ஒரு கிராம் தங்கம் 2,000 ரூபாய்க்குள் இருந்தது. 2025-ல் 10,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. அன்று ஒருவர் அரை கிராம் மோதிரம் போட்டார், இன்னொருவர் 1,000 ரூபாய் எழுதினார். அன்றைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே செய்முறைதான். இன்று மோதிரத்துக்கு மோதிரம் திருப்ப 5,000 ரூபாய்க்கு மேல் ஆகும். 1,000 எழுதியவருக்கு 1,000 திரும்பினால், நோட்டில் கணக்கு நேர், மனசில் நேர் இல்லை. பல குடும்பங்களில் பேச்சுவார்த்தை நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

அரசு எங்கே தலையிடுகிறது?

இது வரை பார்த்தது சமமானவர்களுக்குள் நடக்கும் கணக்கு. கவர் கொடுப்பவர் ஒப்பந்தக்காரர், வாங்குபவர் கையெழுத்துப் போடும் அதிகாரி என்றால்? அப்போது திருப்பிச் செய்யப்படுவது பணமாக இருக்காது, கையெழுத்தாக இருக்கும்.

தென் கொரியா இதற்கு நேரடியாக ரூபாய்க் கணக்கிலேயே பதில் சொன்னது. அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான கிம் யங்-ரான், பிறகு ஊழல் தடுப்பு ஆணையத்தின் தலைவராக இருந்தபோது முன்மொழிந்த சட்டம், 2016 செப்டம்பர் 28-ல் அமலுக்கு வந்தது. மக்கள் அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். அரசு ஊழியர்கள் மட்டும் இல்லை, ஆசிரியர்களும் பத்திரிகையாளர்களும்கூட அதற்குள் வருவார்கள். பணித் தொடர்பு உள்ளவரிடமிருந்து வாங்கும் சாப்பாடு 30 ஆயிரம் வொன், பரிசு 50 ஆயிரம், கல்யாண, சாவுக் கவர் 1 லட்சம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2018-ல் கவர் பணத்தை 50 ஆயிரமாகக் குறைத்தார்கள். விலைவாசி ஏறியதால் 2024-ல் சாப்பாட்டு வரம்பை 50 ஆயிரமாக உயர்த்தினார்கள். விவசாயிகள் பாதிக்கப்படக் கூடாது என்று விளைபொருள் பரிசுக்குத் தனி வரம்பு வைத்தார்கள். ஒரே தடவையில் 10 லட்சம் வொன்னுக்கு மேல் வாங்கினால், பணித் தொடர்பு இருக்கா இல்லையா என்ற கேள்வியே கிடையாது, நேராகக் குற்ற வழக்குதான்.

சீனாவில் கட்சி ஒழுங்கு விதிகள் வழியாகப் பிடி இறுகியது. 2012 டிசம்பரில் வந்த எட்டு அம்ச விதிகளுக்குப் பிறகு, கல்யாணம், சாவைச் சாக்கிட்டுப் பணம் சேர்க்கும் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கப்படுகிறது. கிராமங்களில் நல்லது கெட்டதுகளுக்கான உள்ளூர்க் குழுக்கள் விருந்துக்கும் கவருக்கும் அளவு நிர்ணயிக்கின்றன.

நம்ம ஊர்ச் சட்டம் என்ன சொல்லுது?

வருமான வரிச் சட்டத்தில் மொய் என்று தனியாக எதுவும் இல்லை. அன்பளிப்பு என்ற பொதுவான கணக்கில்தான் வரும். முக்கியமான விதிகள் இவைதான்:

• சட்டம் சொல்லும் நெருங்கிய உறவினர் பட்டியலில் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன்/மனைவி, மாமா, அத்தை, சித்தப்பா போன்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தருவதற்கு வரி இல்லை, தொகை எவ்வளவாக இருந்தாலும் சரி.

• மற்றவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் வாங்கிய பணம் மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால் வரி உண்டு. தாண்டிய பகுதிக்கு மட்டும் இல்லை, முழுத் தொகையும் வருமானமாகக் கணக்கில் வரும்.

• கல்யாணத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அது கல்யாணம் செய்துகொள்ளும் மணமக்களுக்குத்தான். காதுகுத்து, கிரகப்பிரவேசம், மொய் விருந்து எல்லாம் இந்த விலக்கில் வராது.

• 2017 ஏப்ரல் 1 முதல், ஒரே நபரிடமிருந்து ஒரே விசேஷத்துக்கு 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு அபராதம் வரலாம். கல்யாணத்துக்கும் இது பொருந்தும்.

'இது அன்பளிப்பே இல்லைங்க, திருப்பிக் கொடுக்கப்போற கடன்' என்று சொல்லித் தப்பிக்கலாமா? அங்கேயும் சிக்கல் இருக்கு. 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்று இன்னொரு விதி சொல்கிறது. இரு தரப்பும் விவசாய வருமானம் மட்டும் உள்ளவர்களாக, வரி கட்டும் அளவுக்கு வேறு வருமானம் இல்லாதவர்களாக இருந்தால் இதில் விலக்கு உண்டு. ஆக, சின்ன விவசாயி மூச்சுவிடலாம். பெரிய தொகை புரளும் இடத்தில், கடன் என்றாலும் கேள்வி, அன்பளிப்பு என்றாலும் கேள்வி.

அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகள் தனியாக இருக்கின்றன. வேலைத் தொடர்பு உள்ளவர்களிடமிருந்து பரிசு வாங்கக் கட்டுப்பாடு உண்டு, குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டினால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். விதி இருக்கிறது. ஆனால் கொரியாவில் ஒரு பள்ளி ஆசிரியருக்குக்கூட 'கவர்ல இவ்வளவுதான்' என்று தொகை மனப்பாடமாகத் தெரியும். இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்போ என்னதான் வழி?

மொய்யை ஒழித்துவிடுங்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் ஒழித்தால் நஷ்டம் யாருக்கு? ஏற்கனவே நூறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, தன் முறைக்காகக் காத்திருப்பவருக்குத்தான். அதனால் எங்கேயும் இதை ஒரே நாளில் நிறுத்த முடியவில்லை. சுமையைக் குறைக்கத்தான் பார்க்கிறார்கள்.

ஜப்பானில் ஹொக்கைடோ பகுதியின் வழக்கம் ஒரு நல்ல உதாரணம். அங்கே கல்யாணத்துக்கு வருபவர்கள் எல்லோருக்கும் ஒரே கட்டணம், பத்திரிகையிலேயே போட்டிருக்கும். அவரவர் சாப்பாட்டுச் செலவு அவரவருடையது. யார் கவர் கனம், யார் கவர் லேசு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜப்பானில் பொதுவாகவே, வாங்கிய கவருக்கு மூன்றில் ஒரு பங்கு அல்லது பாதி மதிப்புக்குப் பரிசாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பாரத்தின் ஒரு பகுதி அப்போதே இறங்கிவிடும்.

நம்ம ஊரில் 'மொய் தவிர்க்கவும்' என்று பத்திரிகையில் அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்த வீட்டிலிருந்து ஏற்கனவே மொய் வாங்கியவர்களுக்கு இது தர்மசங்கடம், எப்படித் திருப்புவது என்று தெரியாமல் தவிப்பார்கள். 'புது மொய் வேண்டாம், பழைய மொய் மட்டும் செய்யலாம்' என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் இரண்டு தரப்புக்கும் நிம்மதி. மைக்கில் தொகை சொல்வதை நிறுத்துவது இன்னும் சுலபம். அதற்குச் செலவே இல்லை, கூலி வேலை பார்க்கும் ஒருவர் தலை நிமிர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கொரிய, ஜப்பானிய நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. உங்கள் ஜப்பானிய மேலாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு 1,001 ரூபாய்க் கவர் கொடுத்தால் அந்த ஒரு ரூபாய்க்கு அர்த்தம் சொல்லியே கொடுங்கள். 'உறவு தொடரட்டும்' என்றால் எந்த நாட்டுக்காரருக்கும் புரியும்.

கடைசியாக ஒன்று. அளந்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவதற்குத் தமிழில் 'குறியெதிர்ப்பை' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. புறநானூற்றிலும் வருகிறது, திருக்குறளிலும் வருகிறது. ஈகை அதிகாரத்தின் முதல் குறளில் வள்ளுவர் ஒரு கோடு கிழிக்கிறார். திருப்பித் தர வழியில்லாத ஏழைக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை. குறியெதிர்ப்பை தப்பு என்று அவர் சொல்லவில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்காதே என்கிறார், அவ்வளவுதான்.

அதனால் அடுத்த முறை மொய் நோட்டைப் புரட்டும்போது, திருப்பிச் செய்யாத பெயர் ஒன்று கண்ணில் பட்டால், கோபப்படுவதற்கு முன் அந்த வீட்டில் இப்போது என்ன நிலைமை என்று விசாரித்துப் பாருங்கள். நிஜமாகவே முடியாதவராக இருந்தால், அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். நோட்டில் ஒரு வரி குறையும். நீங்கள் கொடுத்தது அன்றைக்குத்தான் அன்பளிப்பாகும்.